ஒன்பதாம் நம்பர் மலையும் இரண்டு வட்டங்களும்

ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு விஜயலெட்சுமியைத் தலைவியாக்கினார்கள்.

அதற்கு முன்பு பதினொரு மாதமாக அவள் கங்காணி. மடுல்சீமைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெண் கங்காணி என்று வந்தது அவள்தான் முதல். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் இருபத்திரண்டு பெண்கள் அவள் முன்னால் வந்து நிற்பார்கள். யாருக்கு முழங்கால் வலி, யார் யாரோடு பேசுவதில்லை, யாரை எந்த நிரையில் விட்டால் கொழுந்து ஒழுங்காக வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த மலைக்குப் போங்க என்று அவள் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது போவார்கள். வேலை நடந்தது. அதற்கு என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்பதற்காகக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. பதுளை டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த கலாநிதி புஹாரி அவர். வந்த மூன்றாம் நாள் ஆபீஸ் சுவரில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டன. ஒன்றின் தலைப்பு தலைமைத்துவம், மற்றதன் தலைப்பு முகாமைத்துவம், அதாவது நிர்வாகம். தோட்டத்தில் மற்றவர்களுக்கு வேலை சொல்லும் ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றில் இருந்தார்கள். தோட்டத்துக்கு மேலதிகாரியான பெரிய துரை தலைமைத்துவம். அவருக்குக் கீழே இருந்த சின்ன துரை றுஷ்தி முகாமைத்துவம். விஜயலெட்சுமியின் பெயர் பெரிய துரையின் பெயர் இருந்த தாளிலேயே, பதினாலாவதாக இருந்தது. தலைவர்களுக்குப் பச்சைத் தொப்பி, முகாமையாளர்களுக்கு நீலத் தொப்பி.

"பச்சையும் நீலமுமா?" என்றாள் ராசம்மா. பெரட்டில் முதல் ஆளாக நிற்பவள், லயத்தில் விஜயலெட்சுமிக்கு அடுத்த வீட்டுக்காரி. "ரெண்டு கட்சிக் கலரும் வந்தாச்சு, ஓட்டு எப்பன்னு சொல்லலியே. ஏன்டி, ஜெயிச்சா எங்களுக்குக் கூரைத் தகரம் வாங்கித் தருவியா?"

"சும்மா இருங்கக்கா," என்றாள் விஜயலெட்சுமி. ஆனால் தொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் ஒரு தரம் போட்டுப் பார்த்தாள்.

அந்த வாரம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வகுப்பு நடந்தது. புஹாரி வெள்ளைப் பலகையில் இரண்டு பெரிய வட்டங்களை வரைந்தார். அவை ஓரத்தில் ஒன்றையொன்று கொஞ்சம் வெட்டிக்கொண்டன.

"இருப்பதை நடத்துவது முகாமைத்துவம். இல்லாததைக் காண்பது தலைமைத்துவம்," என்றார். "முகாமையாளரின் கண் காலடியில் இருக்கும். தலைவரின் கண் தொலைவில் இருக்கும். ஒருவர் மற்றவருடைய கண்ணைக் கடன் வாங்கினால் நிறுவனம் குருடாகிவிடும்."

விஜயலெட்சுமி கை தூக்கினாள். "தூரமாவே பாத்துக்கிட்டு நடந்தா கால் தண்ணிக் கான்ல விழுந்துடாதுங்களா சேர்?"

"காலை முகாமையாளர் பார்த்துக்கொள்வார்."

"என் காலையா சேர்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். புஹாரியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அவள் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா நகர்ந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

விதிகள் எளிமையானவை. தலைவர் கட்டளையிடக் கூடாது, கட்டளை முகாமைத்துவத்துக்குச் சொந்தம். தலைவர் கேட்க வேண்டும், தூண்ட வேண்டும், ஆசையை மூட்ட வேண்டும். முகாமையாளர் கட்டளையிடலாம், ஆனால் திட்டத்தில் இருப்பதை மட்டும். வட்டங்கள் வெட்டிக்கொண்ட இடத்தைப் புஹாரி சிவப்பு மையால் நிரப்பினார். அதற்கு ஊடுபகுதி என்று பெயர். அங்கே இரு தரப்புமே பொறுப்பு. "மிக அழகான இடம் இதுதான்," என்றார்.

மறுநாள் பெரட்டில் விஜயலெட்சுமி தாளைப் பார்த்து வாசித்தாள். "இன்று நாம் எங்கே போக ஆசைப்படுகிறோம்?"

"வீட்டுக்கு!" என்றாள் ராசம்மா. இருபத்தொரு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டை முதலில் கண்டவளும் ராசம்மாதான். ஒன்பதாம் நம்பர் மலையின் மேல் நிரைகளுக்கு நடுவே ஒரு பழைய வாகை மரம் நின்றது. அதன் கிளையடியில் பூசணிக்காய் அளவுக்குக் குளவிக்கூடு. போன வருஷமாக இருந்தால் விஜயலெட்சுமி அந்த நாலு நிரையை விட்டுவிடச் சொல்லியிருப்பாள். காவல்காரனிடம் சொல்லியிருந்தால் பொழுது சாய்ந்ததும் ஒரு பந்தத்தைப் பிடித்துக் காரியத்தை முடித்திருப்பான். இப்போது விட்டுவிடுங்கள் என்பது கட்டளை. கொளுத்து என்பதும் கட்டளை. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆபீசுக்குப் போனாள்.

சின்ன துரை றுஷ்தி பண்டாரவளைக் கடைக்காரக் குடும்பத்துப் பையன். இருபத்தேழு வயது. எதை எழுதினாலும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திட்டத்தை எடுத்து, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினான்.

"திட்டத்துல குளவி இல்லியே."

"மரத்துல இருக்கே தொரை."

"மரம் ஈக்கி. நிழல் மரம், நம்பர் நாப்பத்தொண்டு. கூடுதான் இல்ல." அவன் குரல் தாழ்ந்தது. "இல்லாதத நான் பாக்க ஏலாது. அது தலைமைத்துவம். நீங்க பெரிய தொரைகிட்டப் போங்க. அவர் சொன்னா நான் திட்டத்துல சேத்துக்கொள்றேன்."

பெரிய துரை பங்களா வாசலில் அவளை நிற்க வைத்தே பேசினார். பச்சைத் தொப்பி அவருக்குக் கொஞ்சம் சின்னது.

"விஜயலெட்சுமி, நான் இங்க நின்னு பாக்குறது பத்து வருஷத்துக்கு அப்புறம் உள்ள தோட்டத்த. தெரியுமா? பச்சைப் பசேல்னு இருக்கு. எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க. அதுல குளவி இல்ல."

"இன்னைக்கு இருக்குதுங்க தொரை."

"இன்னைக்கு இருக்கிறத முகாமையாளர்கிட்டச் சொல்லு. அதுக்குத்தானே அவனுக்கு நீலத் தொப்பி கொடுத்திருக்கு."

"அவருதாங்க இங்க அனுப்புனாரு."

பெரிய துரை மலைப்பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "அப்ப இது ஊடுபகுதி," என்றார். "நம்ம தோட்டத்துக்கு மொத ஊடுபகுதி!"

ஊடுபகுதிக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் கூடு ஆபத்தா சவாலா என்று பேசினார்கள். நீலத் தொப்பிகள் ஆபத்து என்றன, பச்சைத் தொப்பிகள் சவால் என்றன. இரண்டு பக்கமும் சமமான ஆட்கள் இருந்ததால் முடிவு வரவில்லை. மூன்றாம் கூட்டத்தில் புஹாரி, பாதிக்கப்படுகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்றார்.

கேள்விப் பத்திரம் பெரட்டுக் களத்தில் விநியோகிக்கப்பட்டது. 'இக்கூடு உங்கள் எண்ணங்களில் எவ்வளவு இடம் பெறுகிறது? ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுக.'

"அஞ்சுக்கு மேல போட எடமில்லியே," என்றாள் ராசம்மா. "பின்னால திருப்பிப் போடவா?"

எல்லாரும் ஐந்து போட்டார்கள். பெண்களின் ஈடுபாடு நூற்றுக்கு நூறு என்று புஹாரி கம்பெனிக்கு அறிக்கை அனுப்பினார். கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அது சட்டம் போடப்பட்டு ஆபீசில் மாட்டப்பட்டது.

இதற்கிடையில் கூடு கொழுந்துக் கூடை அளவுக்கு வந்து, பிறகு சாக்கு மூட்டை அளவாயிற்று. லயத்து நாய்கள் ஒன்பதாம் நம்பர் பாதையில் பாதி தூரம் வந்து திரும்பிப் போயின. வெயில் ஏறும் பகல் பொழுதில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றாலே அந்த ரீங்காரம் கேட்டது. முதலில் அது தொழிற்சாலை மெஷின் சத்தம் என்று நினைத்தார்கள். ஒரு நாள் மின்சாரம் போய் மெஷின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

விஜயலெட்சுமி ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். பெரட்டில் "நாம எந்தப் பக்கம் போக ஆசைப்படுறோம்?" என்று கேட்டுவிட்டு, தொப்பியின் விளிம்பைக் கீழ்ப்பக்கமாக இழுத்துவிடுவாள். "கீழ் நிரைக்கு!" என்பார்கள் பெண்கள். தொடர்ந்து ஒன்பது நாள் அவர்கள் கீழ் நிரைக்கே ஆசைப்பட்டார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒருவேளை தலைமைத்துவம் என்பது இதுதானோ என்று யோசித்தாள். இதற்கு முன்பு செய்ததைத்தான் இப்போது சுற்றிவளைத்துச் செய்கிறோம் என்றும் பட்டது.

பத்தாம் நாள் றுஷ்தி பெரட்டுக்கே வந்துவிட்டான். கையில் திட்டம்.

"ஒன்பதாம் நம்பர் மேல் நிரை நாள் தாண்டிப் போச்சு. கொழுந்து முத்துது. இன்டைக்கு எடுக்கணும்." அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இது கட்டளை."

"தொரை, கூடு?"

"குழு வாற செவ்வாய்க்கிழமை கூடுது. அதுவரைக்கும் கூடு இன்னும் திட்டத்துல இல்ல. கொழுந்து ஈக்கி." பிறகு மெதுவாக, "நானும் வாரேன்," என்றான்.

பெண்கள் விஜயலெட்சுமியைப் பார்த்தார்கள். போகாதீங்க என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மை. சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. அவள் தாளைப் பார்த்தாள். தாளில் கேள்வி மட்டும்தான் இருந்தது. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள்.

பத்தேகால் மணிக்குப் பருந்து வந்தது. அது கூட்டைத்தான் குறிவைத்து வந்ததுபோல வாகை மரத்துக்குள் பாய்ந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு எழும்பியது. ரீங்காரம் ஒரு கணம் நின்றதுபோல விஜயலெட்சுமிக்கு இருந்தது. மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று ஒழுகி இறங்கியது.

அவள் வாயைத் திறந்தாள்.

"நாம..." என்றாள்.

ஐந்து வாரமாகத் தினமும் காலையில் அந்த வாய்க்கு அப்படித்தான் திறக்கத் தெரிந்திருந்தது. இரண்டு மூச்சு போயிற்று.

"ஓடுங்க! கானுக்குள்ள படுங்க! தலைய மூடுங்க!"

பெண்கள் ஓடினார்கள். கூடைகள் சரிந்து உருண்டன. மரத்துக்குக் கிட்ட இருந்த நிரையில் நின்றவள் ராசம்மா. அவளுக்குப் பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் நின்ற இடத்திலேயே கூவிக்கொண்டு நின்றாள். ராசம்மா அவளைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளி, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போட்டாள். தனக்கு மூடிக்கொள்ள அவளிடம் வேறொன்றும் இல்லை.

றுஷ்தி ஓடிப்போய்க் கொண்டுவந்த கொழுந்து லொறியில் ஒன்பது பேரை ஏற்றினார்கள். லுணுகலை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை குண்டும் குழியுமாக இருந்தது. விஜயலெட்சுமி ராசம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. பாதி வழியில் ராசம்மா உதட்டை அசைத்தாள்.

"ஏன்டி... என்னமோ கேக்க வந்தியே."

"ஒன்னுமில்லக்கா. பேசாதீங்க."

"நாமன்னு சொன்னியே. என்ன கேக்க வந்த?"

விஜயலெட்சுமி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். டவுனுக்கு மூன்று வளைவு இருக்கும்போது ராசம்மாவின் கை அவள் கையை விட்டது.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் விசாரணை நடந்தது. பெரிய துரை நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் புஹாரி, மறு பக்கம் றுஷ்தி. பலகையில் இரண்டு வட்டங்களும் புதிதாக வரையப்பட்டிருந்தன. முதலில் ஒரு நிமிட மௌனம் அனுஷ்டித்தார்கள். புஹாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் முடிந்ததைச் சொன்னார்.

"சம்பவ நேரத்தில் நீங்கள் இட்ட சத்தம்," என்றார் அவர், "அது கேள்வியா, கட்டளையா?"

"ஓடச் சொன்னேங்க சேர்."

"அதாவது கட்டளை. நீங்கள் தலைமைத்துவப் பட்டியலில் இருந்துகொண்டு கட்டளையிட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பு 'நாம' என்று சரியாகத் தொடங்கியிருக்கிறீர்கள். அதையும் பதிவு செய்துகொள்கிறோம். நியாயம் என்றால் நியாயம்."

"அது ரெண்டு மூச்சுங்க சேர். அந்த ரெண்டு மூச்சு இருந்திருந்தா..."

"அந்த இரண்டு மூச்சில் நீங்கள் தலைவியாக இருந்தீர்கள்," என்றார் புஹாரி மிகுந்த கனிவோடு. "பிறகுதான் தவறினீர்கள்."

பெரிய துரை தொண்டையைச் செருமினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒன்னு சொல்லணும். அந்த ராசம்மா. யாரும் சொல்லாம, தானாவே முன்னால போயி ஒரு பொண்ணக் காப்பாத்தியிருக்கா. இதத்தான் நான் இந்தத் தோட்டத்துல இவ்வளவு நாளாத் தேடுனேன். நான் ஒருத்தருக்கும் ஒன்னும் செய்யச் சொல்லல. சொல்லாமலே நடந்திருக்கு பாத்தீங்களா? அவ பேரத் தலைமைத்துவப் பட்டியல்ல சேக்குறோம். தொப்பி வீட்டுக்கு வரும்."

விஜயலெட்சுமி எழுந்து நின்றாள். "நான் கத்துனப்ப நீ யாரு, பச்சையா நீலமான்னு குளவி கேக்கலீங்க தொரை. நீங்க மட்டுந்தான் கேக்குறீங்க."

றுஷ்தி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். புஹாரி தீர்மானத்தை வாசித்தார். விஜயலெட்சுமிக்கு எழுத்தில் எச்சரிக்கை. குளவிக்கூடு சாட்சிப் பொருள் என்பதால் இரண்டாம் அமர்வு வரை அதை யாரும் தொடக் கூடாது. ஒன்பதாம் நம்பர் மேல் நிரை திட்டப்படி அடுத்த வியாழக்கிழமை எடுக்கப்படும்.

வெளியே படியில் றுஷ்தி அவள் பின்னால் ஓடி வந்தான். நீலத் தொப்பி கையில் சுருண்டிருந்தது.

"என்ட கையெழுத்துத்தான் அந்தத் திட்டத்துல ஈக்கி," என்றான். "வியாழக்கெழமைக்கும் நான்தான் போடணும். போடாட்டி வேற ஆள் போடுவான். நான் என்னத்த செய்ய?"

"நீங்க ஒன்னும் செய்ய வேணாம் தொரை," என்றாள் அவள். "ஒங்க கையெழுத்து இல்லாமலே தீ பத்தும்."

புதன்கிழமை பொழுது சாயும் நேரம். விஜயலெட்சுமி ஒரு நீள மூங்கிலும் சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு லயத்துக் கோடியில் இருந்த பைப்படிக்கு வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுக்குப் பிடிவாதமாகவே இருந்தது. பைப்படியில் ஏற்கெனவே ஏழு பேர் நின்றார்கள். கொட்டு வாங்கி வீக்கம் வற்றாதவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

"மொளகாய்த் தூள் கொண்டாந்தேன்," என்றாள் அந்தப் புதுப் பெண். "பொகைல போட்டா நல்லதாம்."

ஒன்பதாம் நம்பர் மலையில் கொஞ்ச நேரம் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பிறகு அணைந்தது. முதல் முறையாக அந்த மலை சத்தமில்லாமல் கிடந்தது.

மறுநாள் பெரட்டுக்குப் பெரிய துரையே இறங்கி வந்தார்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க," என்றார்கள் இருபத்தொரு பெண்களும். அது முழு உண்மை.

"கட்டளை இல்ல?"

"இல்லீங்க."

"யாராவது தூண்டினாங்களா? ஆசைய மூட்டினாங்களா?"

"கூட்டத்தான் மூட்டுனோம்," என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

பெரிய துரை சிரிக்கவில்லை. அவர் புஹாரியைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"இது தலைமைத்துவமும் இல்ல, முகாமைத்துவமும் இல்ல," என்றார் பெரிய துரை. "ரெண்டு வட்டத்துக்கும் வெளிய இருக்கு. இதுக்கு என்ன பேருன்னு கம்பெனிக்கு எழுதிக் கேக்கப் போறோம். பதில் வர்ற வரைக்கும் இந்தத் தோட்டத்துல பெரட்டு இல்ல. வேல இல்ல."

ஆபீஸ் கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் கொழும்பு இலக்கத் தகடு போட்ட ஒரு வெள்ளை வேன் பங்களாவுக்கு ஏறி, திரும்ப இறங்காமல் அங்கேயே நின்றது. அதில் வந்தவர்கள் லயத்தைப் படம் எடுத்தார்கள் என்று லயத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா சொன்னாள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தனித்தனியாக எடுத்தார்களாம்.

நாலாம் நாள் காலை விஜயலெட்சுமி தொப்பி இல்லாமல் வெறும் பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வந்தார்கள். முதல் ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். யாரும் பெயர் கூப்பிடவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். கொழுந்து நன்றாக முத்தியிருந்தது, ஆனாலும் இன்னும் எடுக்கலாம். வாகை மரத்தின் கிளையில் கரிந்த ஒரு தழும்பு மட்டும் தெரிந்தது.

பத்து மணியாகியும் நிறுக்க யாரும் வரவில்லை. லொறி வரவில்லை. பறித்த கொழுந்து கொட்டகையில் குவிந்து மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. கீழே ஆபீஸ் கதவின் சங்கிலி கழன்றது. பெரிய துரையும் புஹாரியும் வேனில் வந்த இருவரும் வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி றுஷ்தி நின்றான். அவர்களுடைய கைகள் அசைவதைப் பார்த்தால், மலைக்கு யாரை அனுப்புவது என்று அவர்களுக்குள் பேச்சுத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வேனில் வந்தவர்களில் ஒருவன் பேச்சில் சேரவில்லை. அவன் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டிருந்தான்.

புதுப் பெண் கையை நிறுத்திவிட்டு விஜயலெட்சுமியைப் பார்த்தாள். "அக்கா, அவங்க வர்றாங்களா?"

"வரட்டும்," என்றாள் விஜயலெட்சுமி. "கைய நிப்பாட்டாதீங்க. பறிங்க."